வாசகர் கேள்வி – பதில்: மார்க் ட்வைனின் காது

கேள்வி (நாகப்பட்டினம்): 'மார்க் ட்வைன்' என்பது ஆழம் அளக்கிற சொல் என்கிறார்களே, எத்தனை அடி? அந்தப் பெயரில் எழுதிய அமெரிக்க எழுத்தாளரின் இயற்பெயர் என்ன?

பதில்: 12 அடி. உங்கள் ஊர்க் கடற்கரைப் பேச்சில் சொன்னால் இரண்டு பாகம். நீராவிக் கப்பலின் முன்பக்கம் ஒருவர் நின்றுகொண்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை ஆற்றில் விட்டு ஆழம் பார்ப்பார். கயிற்றில் இரண்டாம் பாகத்துக்கான குறி நனைந்தால் 'மார்க் ட்வைன்' என்று குரல் கொடுப்பார். 'ட்வைன்' என்பது இரண்டுக்குப் பழைய ஆங்கிலச் சொல். மிசிசிப்பிக் கப்பல் தரைதட்டாமல் போக அந்த ஆழம் போதும். ஆழம் குறைந்த இடத்திலிருந்து வெளியே வருகிற கப்பலுக்கு அந்தக் குரல் நிம்மதி. ஆழத்திலிருந்து திட்டுப் பக்கம் ஒதுங்குகிற கப்பலுக்கு அதே குரல் எச்சரிக்கை.

இயற்பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ். 1835 நவம்பர் 30 அன்று மிசௌரி மாநிலத்தில் ஃபுளோரிடா என்ற சிற்றூரில் பிறந்தார். நாலு வயதில் குடும்பம் ஆற்றங்கரை ஊரான ஹானிபலுக்குக் குடிபெயர்ந்தது. நெவாடாவில் செய்தித்தாள் ஒன்றில் வேலை பார்த்தபோது, 1863 பிப்ரவரி 3 அன்று இந்தப் புனைபெயரை முதன்முதலில் போட்டார்.

கேள்வி (திருவையாறு): ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலின் நடையை எல்லோரும் புகழ்கிறார்கள். ஒரு பத்தியை எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்ட முடியுமா?

பதில்: 19ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரைவிட்டு ஓடிவந்த சிறுவன் ஹக், அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஜிம், இருவரும் ராத்திரியில் தெப்பத்தை ஓட்டிவிட்டுப் பகலில் ஒளிந்துகொள்கிறார்கள். தூண்டில் கயிறுகளைக் கட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில், மணலில் உட்கார்ந்து விடியலைப் பார்க்கிறார்கள்.

முதலில் சத்தமே இல்லை. தவளைக் கத்தல் இருந்தால் உண்டு. பிறகு தண்ணீருக்கு அப்பால் மங்கலாக ஒரு கோடு. அது எதிர்க்கரைக் காடு. வானத்தில் வெளிறிய ஓர் இடம். ஆறு கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வருகிறது. தூரத்தில் கரும்புள்ளிகள் நகர்கின்றன. அவை வியாபாரப் படகுகள். நீளக் கறுப்புக் கோடுகள், அவை தெப்பங்கள். கவனியுங்கள்: முதலில் கண்ணுக்குப் பட்ட வடிவம், அதன் பிறகுதான் பொருளின் பெயர். இருட்டில் பார்க்கிறவனுக்கு இப்படித்தான் தெரியும். சாதாரண எழுத்தாளர் 'எதிர்க்கரைக் காடு மங்கலாகத் தெரிந்தது' என்று பெயரை முதலில் போட்டுவிடுவார். விடியல் அங்கேயே முடிந்துபோகும்.

அடுத்து, தண்ணீர்மேல் ஒரு கீற்று. அந்தக் கீற்றைப் பார்த்தாலே, அடியில் மரக்கட்டை சிக்கியிருக்கிறது, வேகமான நீரோட்டம் அதில் மோதி உடைகிறது, அதனால்தான் கீற்று அப்படித் தெரிகிறது என்று ஹக் சொல்கிறான். இது கப்பலோட்டியின் அறிவு. கொள்ளிடத்தில் இறங்கிப் பழகியவர் மேல்தண்ணீரைப் பார்த்தே கீழே சுழி இருப்பதைச் சொல்வதில்லையா, அதே அறிவு. ஆனால் அழகைச் சொல்கிற வாக்கியத்துக்குள்ளேயே அது வந்துவிடுகிறது. பிறகு கரையில் ஒரு விறகுக் கிடங்கு. ஏமாற்றுக்காரர்கள் அடுக்கியது, எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு நாயை உள்ளே வீசிவிடலாம், அவ்வளவு இடைவெளி என்கிறான். காட்டுப் பூவாசத்தோடு காற்று வருகிறது. சில நாள் அப்படி வராது, யாரோ செத்த மீனைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், நாற்றம் அடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறான். அந்தச் செத்த மீன் இருப்பதால்தான் பூவாசத்தை நாம் நம்புகிறோம்.

1876இல் வந்த 'டாம் சாயர்' நாவலின் 14ஆம் அத்தியாயத்திலும் ஒரு விடியல் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். அங்கே படித்த கதைசொல்லி ஒருவர், அமைதி, நிச்சலனம் என்று உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொல்கிறார். ஹக் எதற்கும் பெயர் வைப்பதில்லை. ஒன்பது ஆண்டுக்குள் நடந்த மாற்றம் இது. அதற்குக் காரணம், கதையைச் சொல்கிற வேலையை ஆசிரியர் சிறுவனிடமே ஒப்படைத்ததுதான்.

தமிழில் பெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹக்கின் நீள வாக்கியம் 'அப்புறம்... அப்புறம்...' என்று முற்றுவினைகளை அடுக்கிக்கொண்டே போவது. நமக்குக் கைவந்தது 'பார்த்து, நடந்து, நின்று, திரும்பி' என்ற எச்ச அடுக்கு. அதில் போட்டால் எல்லாம் கடைசி வினைக்கு அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்த வியப்பு போய்விடும். 'ஒரு கோடு தெரிஞ்சுது. அது காடு. அப்புறம் வானத்துல ஒரு இடம் வெளுத்துது' என்று முடித்து முடித்து எழுதுவதே சரி.

கேள்வி (மன்னார்குடி): எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு சிறுகதை எழுதினேன். படித்தவர்கள் 'எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது' என்கிறார்கள். ட்வைன் வட்டார வழக்கில் எழுதி உலகமே படித்ததே, அவர் எப்படிச் செய்தார்?

பதில்: பேச்சின் அடையாளத்தை உச்சரிப்பில் குறைவாகவும் இலக்கணத்தில் அதிகமாகவும் வைத்தார். ஹக்கின் பேச்சில் எழுத்துக்கூட்டலில் மாற்றம் அதிகம் இல்லை. 'தெரிந்தது' என்பதற்கு 'நியூ' என்று வரவேண்டிய இடத்தில் எல்லா வினைக்கும் போடுகிற விகுதியை ஒட்டி 'நோவ்டு' என்பான். எதிர்மறையை இரண்டு முறை போடுவான். 'அன்லெஸ்' வரவேண்டிய இடத்தில் 'வித்தவுட்' போடுவான். வாசகர் தடுக்கி விழாமல் படிக்கிறார், ஆனால் இது பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை என்று ஒவ்வொரு வரியிலும் காதில் விழுகிறது.

டெல்டாப் பேச்சில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லலாம். 'ஆத்துல தண்ணி வந்துட்டு', 'பஸ்ஸு போயிட்டு', 'மணி பத்து ஆயிட்டு'. மதுரைக்காரர் 'வந்துருச்சு' என்பார். அவர் காதுக்கு 'வந்துட்டு' பாதியில் நிற்கிற சொல். அடுத்து என்ன என்று காத்திருப்பார். நம் பக்கத்தில் அதுவே முற்றுவினை, அங்கேயே வாக்கியம் முடிந்தது. இந்த ஒரு விகுதியைச் சரியான இடங்களில் வைத்தால் போதும், கதை எந்த ஊரில் நடக்கிறது என்று தெரிந்துவிடும். 'வூடு', 'போவுது', 'ஆவாது' என்று பத்துச் சொல்லை உடைக்கத் தேவையில்லை.

வேலை செய்யும் முறையை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில், உங்கள் பாத்திரம் எந்தத் தெரு, எந்த வேலை, எந்த வயது என்று முடிவு செய்யுங்கள். 'ஹக்கிள்பெரி ஃபின்' முகப்பில் ட்வைன் ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார்: மிசௌரி கறுப்பின மக்களின் பேச்சு ஒன்று, தென்மேற்குக் காட்டுப்புறப் பேச்சு ஒன்று, பைக் கவுண்டியின் சாதாரணப் பேச்சு ஒன்று, அதன் திரிபுகள் நான்கு. ஆக ஏழு. பாத்திரங்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேச முயன்று தோற்றார்கள் என்று வாசகர் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் அந்தக் குறிப்பு. மன்னார்குடிக் கடைத்தெருப் பேச்சும் வேதாரண்யத்து உப்பளப் பேச்சும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். எழுதும்போது மட்டும் இரண்டையும் 'கிராமத்துப் பேச்சு' என்று ஒரே பானையில் போட்டுவிடுகிறோம்.

அடுத்து, எழுதியதை வாய்விட்டுப் பேசுங்கள். 1874 செப்டம்பரில் ட்வைன் தம் நண்பரும் 'அட்லாண்டிக்' மாத இதழின் ஆசிரியருமான வில்லியம் டீன் ஹோவெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், வழக்குப் பேச்சைத் தாம் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்து, காதுக்குச் சரியாகப் படும்வரை திருத்துவதாகச் சொல்கிறார். அதே கடிதத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 'போகிற' என்ற பொருளில் வரும் 'கோயிங்' என்ற சொல்லை ஒரே ஆள் 'கோயின்' என்றும் சொல்வார், 'க்வைன்' என்றும் சொல்வார்; தாளில் இரண்டையும் போட்டால் எழுதியவரின் கவனக்குறைவு போலத் தெரியும் என்கிறார். உங்கள் கதையிலும் இந்தச் சிக்கல் வரும். ஒரே அம்மா வீட்டில் 'வூட்டுக்கு' என்பார், பேங்க்கில் 'வீட்டுக்கு' என்பார். அந்த மாற்றத்துக்குக் காரணம் காட்சியில் தெரிந்தால் இரண்டையும் வையுங்கள். தெரியவில்லை என்றால் ஒன்றை மட்டும் வையுங்கள்.

மூன்றாவது, எல்லோரும் ஒரே மாதிரி உச்சரிக்கிற சொல்லைக் கூலிக்காரர் வாயில் மட்டும் உடைத்து எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் 'வாஸ்' என்ற சொல்லை எந்த வெள்ளைக்காரரும் சாதாரணப் பேச்சில் 'வுஸ்' என்றுதான் சொல்வார். ஆனால் ஜிம் பேசுகிற இடத்தில் மட்டும் ட்வைன் அதை உடைத்து எழுதினார். ஒலியில் புதிதாக எதுவும் வரவில்லை. பேசுகிறவர் படிக்காதவர் என்ற முத்திரைதான் விழுந்தது. ஹக்கின் பேச்சைவிட ஜிம்மின் பேச்சு கண்ணுக்குக் கடினமாக இருப்பது இதனால்தான். ட்வைனிடமிருந்து இதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். மிராசுதார் 'சொல்றேன்' என்பதையும் பண்ணையாள் 'சொல்றேன்' என்பதையும் ஒரே எழுத்தில் எழுதுங்கள். வேறுபாடு உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் காட்டுங்கள்.

இதெல்லாம் அவருக்கும் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. நாவலின் கையெழுத்துப் பிரதியில் முதல் வாக்கியத்தை 'யூ வில் நாட் நோ' என்று தொடங்கி, 'யூ டூ நாட் நோ' என்று மாற்றி, கடைசியில் 'யூ டோன்ட் நோ' என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மூன்றாவது முறைதான் சிறுவனின் குரல் கிடைத்தது. நெடுங்காலம் காணாமல் போயிருந்த அந்த முதல் பாதிப் பிரதி 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது.

கேள்வி (மயிலாடுதுறை): மார்க் ட்வைன் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா?

பதில்: சென்னையில் ஒரே ஒரு நாள். கடனை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றிய பயணத்தில், 1896 மார்ச் இறுதியில் கல்கத்தாவில் கப்பலேறி, சென்னையில் ஒரு நாள் நின்று, இலங்கைக்குப் போனார். 1897இல் வந்த பயண நூலில் அந்த நாளுக்கு ஒரு வரிதான். காவிரிப் பக்கம் வரவில்லை.

கேள்வி (கும்பகோணம், கல்லூரி மாணவி): ட்வைன் யாரைப் படித்து எழுதக் கற்றார்? கட்டுரைக்குத் தேவைப்படுகிறது.

பதில்: 'யாரைக் கேட்டு' என்பதிலிருந்து தொடங்கினால் உங்கள் கட்டுரை சரியாக அமையும். மிசௌரியில் மாமா முறையான ஜான் குவார்ல்ஸின் பண்ணையில், அடிமையாக இருந்த டான் என்ற பெரியவர் அடுப்படியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். அவரிடம் கேட்ட 'பொற்கரம்' என்ற பேய்க்கதையைத்தான் ட்வைன் பின்னாளில் மேடைமேடையாகச் சொன்னார். 1874இல் நியூயார்க் மாநிலத்து எல்மைரா ஊரில், மனைவியின் குடும்பப் பண்ணையில் சமைத்துக்கொண்டிருந்த மேரி ஆன் கார்ட் என்ற பெண்மணி, அடிமைச் சந்தையில் தம் பிள்ளைகள் பிரிக்கப்பட்டதைச் சொன்னார். அதைக் கிட்டத்தட்ட அவர் குரலிலேயே எழுதி 'அட்லாண்டிக்' இதழில் வெளியிட்டார். மேலே சொன்ன ஹோவெல்ஸ் கடிதம் இந்தக் கதையை அனுப்பிய காலத்தது. ஹக்கின் குரலுக்கு விதை இங்கே இருக்கிறது.

இரண்டாவது பள்ளி அச்சுக்கூடம். தந்தை 1847இல் இறந்தபின் அச்சுக்கோக்கப் பழகினார். ஒவ்வொரு எழுத்தையும் கையால் எடுத்து அடுக்கிய ஆளுக்கு, வேண்டாத சொல் ஒன்று எவ்வளவு உழைப்பைத் தின்னும் என்று விரலுக்கே தெரியும். பத்திரிகைகளில் வந்த தென்மேற்கு நகைச்சுவைக் கதைகளும் அங்கேதான் அறிமுகமாயின: படித்தவர் ஒருவர் நாகரிகமாகத் தொடங்கி, நடுவில் ஒரு காட்டான் வந்து தன் பேச்சில் கதையைப் பிடுங்கிக்கொள்வான். ட்வைன் செய்த பெரிய காரியம், அந்த நாகரிகக் கனவானையே நீக்கிவிட்டது.

மூன்றாவது ஆறு. 1857இல் ஹொரேஸ் பிக்ஸ்பி என்ற கப்பலோட்டியிடம் 500 டாலர் கட்டணம் பேசிக்கொண்டு சேர்ந்தார். 1859 ஏப்ரலில் உரிமம் வாங்கினார். செயின்ட் லூயிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேல், ஒவ்வொரு திட்டும் வளைவும் மனப்பாடம். போகும்போது ஒரு வடிவம், வரும்போது ஒரு வடிவம். 1883இல் வந்த 'மிசிசிப்பியில் வாழ்க்கை' நூலில் ஓர் அந்திப்பொழுதை வருணித்துவிட்டு, கப்பலோட்டிக்கு அது எப்படித் தெரியும் என்று பொருள் சொல்கிறார்: மிதந்து வரும் கட்டை, ஆறு ஏறுகிறது, தண்ணீரில் சாய்ந்த கோடு, அடியில் திட்டு, ஒரு ராத்திரி யாருடைய கப்பலையோ உடைக்கும். தொழில் தெரிந்ததும் அழகு போய்விட்டது என்று அங்கே வருந்துகிறார். ஆனால் திருவையாற்று வாசகருக்குச் சொன்ன அந்த விடியலில் அதே கோடு திரும்ப வருகிறது, அழகோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் கட்டுரையின் மையமாக இந்த இரண்டு பத்திகளையும் வைக்கலாம்.

புத்தகங்களில் முக்கியமானவை இரண்டு: பைபிள், செர்வான்டெஸின் 'டான் குவிக்ஸோட்'. புத்தகத்தில் படித்ததை உலகத்தின்மேல் போர்த்துகிற நண்பன் டாம் சாயர், கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிற ஹக், இந்த இணை அங்கிருந்து வந்தது. ஹக் நாவலின் 3ஆம் அத்தியாயத்தில் டாமே அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்கிறான்.

வெறுத்த எழுத்தாளர்களும் பாதிப்புதான், இதை விட்டுவிடாதீர்கள். வால்ட்டர் ஸ்காட்டின் வீரக்கதைகள் தென்மாநில மக்களின் மனத்தைக் கெடுத்தன என்று நம்பினார். ஹக் நாவலில் ஆற்றில் உடைந்து மூழ்குகிற கப்பலுக்கு 'வால்ட்டர் ஸ்காட்' என்று பெயர். ஃபெனிமோர் கூப்பரைப் பற்றி 1895இல் எழுதிய கட்டுரையில் ஓர் இடம்: கூப்பரின் நாவலில் ஏரியிலிருந்து 50 அடி அகலத்தில் புறப்படுகிற ஓடை, காரணமே இல்லாமல் 20 அடியாகக் குறுகுகிறது. வாய்க்கால் பார்த்து வளர்ந்த நம்மில் யாரும் அதை விடமாட்டோம். கரை சரிந்ததா, மதகு கட்டினார்களா, மண் தூர்ந்ததா என்று கேட்போம். ட்வைன் கேட்டதும் அதைத்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): மேடையில் பேசுகிறவன் நான். கதை சொல்வது பற்றி அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா?

பதில்: 1895இல் ஒரு கட்டுரை எழுதினார். நகைச்சுவைக் கதையை முகம் மாறாமல் சொல்ல வேண்டும், சிரிக்க ஏதோ இருக்கிறது என்ற சந்தேகமே தமக்கு இல்லாததுபோல். முடிவு வரும்போது குரலை உயர்த்திச் சுட்டிக்காட்டக் கூடாது. அதைவிட முக்கியம் நிறுத்தம். 'பொற்கரம்' கதையில் கடைசி வார்த்தைக்கு முன்னால் வரும் நிறுத்தம் ஒரு மயிரிழை குறைந்தால் யாரும் திடுக்கிடமாட்டார்கள். கூடினால் என்ன வரப்போகிறது என்று சபை கண்டுபிடித்துவிடும். அந்த நீளம் சபைக்குச் சபை மாறும். காலட்சேபம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரரான உங்களுக்கு இது புதிதல்ல. எழுத்தில் அந்த நிறுத்தத்தை அவர் முற்றுப்புள்ளியிலும் பத்தி முறிவிலும் வைத்தார்.

கேள்வி (பாபநாசம்): நாவல் எழுதத் தொடங்கி நூறு பக்கத்தில் நின்றுவிட்டது. பெரிய எழுத்தாளர்களுக்கு இப்படி நடக்குமா?

பதில்: ட்வைனுக்கு நடந்தது. 'ஹக்கிள்பெரி ஃபின்' 1876 கோடையில் தொடங்கியது. அந்த ஆகஸ்டிலேயே, ஓரளவுதான் பிடித்திருக்கிறது, எடுத்துவைத்துவிடவோ எரித்துவிடவோ கூடும் என்று ஹோவெல்ஸுக்கு எழுதினார். இடையில் திரும்ப எடுத்தார், மறுபடி வைத்தார். 1883இல்தான் முடித்தார். இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வெளிவந்தது.

'டாம் சாயர்' நின்றதற்கு அவரே சொன்ன காரணம்: தொட்டி வற்றிவிட்டது. வற்றிய தொட்டியை இறைக்கக் கூடாது. விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் தானாக ஊறும். ஆனால் ஹக் நாவல் நின்றதற்குக் கதைக்குள்ளேயே இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது என் கருத்து. ஜிம் விடுதலை பெற, கெய்ரோ என்ற ஊரில், அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்கு வழியான ஒஹையோ ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். ட்வைனுக்கு உள்ளங்கைபோலத் தெரிந்ததோ கீழ் மிசிசிப்பி. 15ஆம் அத்தியாயத்து மூடுபனியில் தெப்பம் கெய்ரோவைத் தாண்டிவிடுகிறது; தப்பியோடுகிற அடிமை, அடிமை மாநிலங்களுக்குள்ளேயே போகிறார். இந்தக் கதையை எப்படி முன்னே நகர்த்துவது? உங்கள் நாவலும் எந்தப் பக்கத்தில் நின்றதோ அங்கிருந்து பத்துப் பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள். பாத்திரம் போக வேண்டிய திசையும் உங்களுக்குத் தெரிந்த இடமும் எங்கே பிரிந்தன என்று தேடுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, ஆசிரியர்): வகுப்பில் இந்த நாவலை நடத்த நினைக்கிறேன். இனவெறிச் சொல் அடிக்கடி வருகிறதே? கடைசிப் பகுதி சறுக்கிவிட்டது என்பதும் உண்மையா? தமிழில் சொல்லும்போது ஹக்கும் ஜிம்மும் எப்படி அழைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: அந்தச் சொல் இருநூறு முறைக்கு மேல் வருகிறது. நீங்கள் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அது என்ன சொல், யார் யாரை அப்படி அழைத்தார்கள், ஏன் புண்படுத்தும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நடத்தினால், பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டும்போது தாங்களாகக் கண்டு சிரிப்பார்கள். அது மோசம்.

கடைசிப் பகுதி சறுக்கல்தான். 31ஆம் அத்தியாயத்தில், ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தைக் கிழித்துப்போட்டு, தான் நரகத்துக்குப் போனாலும் சரி என்று ஹக் முடிவெடுக்கிறான். நாவலின் உச்சம் அது. அடுத்த பன்னிரண்டு அத்தியாயங்களில் டாம் வந்து, ஜிம்மை மீட்பதை விளையாட்டாக்குகிறான். எஜமானி உயிலில் ஜிம்மை விடுவித்துவிட்டதை அறிந்தும் மறைக்கிறான். நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு நாவலிலிருந்து வந்தது என்று 1935இல் எழுதிய ஹெமிங்வேயே, ஜிம் திருடப்படுகிற இடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். வகுப்பில் 31 வரை முழுதாகவும் மீதியைச் சுருக்கமாகவும் நடத்தலாம். ஆனால் ஒரு பெரிய மனிதரின் விடுதலை ஒரு பையனின் விளையாட்டானதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் விவாதியுங்கள்.

விளிப்புதான் கடினம். ஜிம் பெரியவர், மனைவி மக்கள் உள்ளவர். ஹக் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன். ஹக் ஜிம்மை 'நீ' என்றுதான் சொல்வான். பண்ணை வீட்டுச் சின்னப்பையன் நரைத்த தலை ஆளை ஒருமையில் கூப்பிட்டதை இந்த டெல்டா கண்டிருக்கிறது. உங்கள் மாணவர்களின் தாத்தாக்களுக்கு அது கதையல்ல. ஜிம்மும் 'நீ' என்றே சொல்லட்டும், ஆனால் 'கண்ணு' என்று சேர்த்து. ஆங்கிலத்தில் ஜிம் பிரியமாக அழைக்கிற சொல்லுக்கு அதுதான் பொருந்தும். அவரை 'நீங்க' என்று பேசவைத்தால் தெப்பத்தின்மேல் இருந்த நெருக்கம் போய்விடும்.

மூடுபனியில் தொலைந்து திரும்பிய ஹக், எல்லாம் கனவு என்று ஜிம்மை ஏமாற்றுகிறான். ஜிம் தெப்பத்தில் கிடக்கும் சருகையும் குப்பையையும் காட்டி, நண்பனை வெட்கப்பட வைக்கிறவன் இந்தக் குப்பைக்குச் சமம் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். ஹக்குக்குப் போய் மன்னிப்புக் கேட்க மனம் துணியப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்த இடத்திலாவது 'நீங்க' என்று மாற்றலாமா என்று மொழிபெயர்ப்பவருக்குத் தோன்றும். மாற்ற வேண்டாம். ஹக்கிடம் வேறு சொல் கிடையாது. அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசிக்கும்போது, பதினைந்து நிமிடம் என்ற இடத்தில் நிறுத்தி, ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.